கடலடியில் கிடைத்தாலும் கண்டெடுத்த பொருள் அமானிதமே



வழியில் ஒரு பணப்பை கிடக்கிறது. சொந்தக்காரர் யாரென்று தெரியவில்லை. கண்டெடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? ஃபிக்ஹு நூல்களில் 'லுகதா' என்ற பாடம் இதற்காகவே இருக்கிறது. ஸைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஸஹீஹான ஹதீஸில், ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார். அந்தப் பை எத்தகையது, அதன் வாயைக் கட்டியிருக்கும் கயிறு எத்தகையது என்பதை முதலில் அறிந்துவைத்துக் கொள்ளுமாறும், பிறகு ஓராண்டு காலம் மக்களுக்கு அறிவிக்குமாறும் நபியவர்கள் அவரைப் பணித்தார்கள்.

இதில் இரண்டு கடமைகள் இருக்கின்றன. பொருளோடு நின்றுவிடாமல் அது இருந்த நிலையையும் கவனித்துக் கொள்வது ஒன்று. வாய்மூடி இருந்துவிடாமல் ஊரறியச் சொல்வது மற்றொன்று. பணம் கிடைத்திருக்கும்போது பையும் கயிறும் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். பணம் எல்லாப் பைகளிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அது இன்னாருடையது என்று காட்டித்தருவது அந்தப் பையும் கயிறும் அல்லவா?

சரி, அந்தப் பை கடலடியில் கிடந்தால்? அதன் சொந்தக்காரர் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே மௌத்தாகியிருந்தால்? யாருக்கு அறிவிப்பது, எப்படி அறிவிப்பது? மூழ்கிய கப்பல்களை ஆராய்வோர் தாம் கண்டவற்றை எழுதி வெளியிடுவது பற்றி வாசிக்கும் போதெல்லாம் எனக்கு இந்தப் பாடமே நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

மலைக்கும் கடலுக்கும் என்ன உறவு?

இரத்தினபுரியிலும் பலாங்கொடையிலும் கேகாலையிலும் மாவனல்லையிலும், தேயிலைக்கும் இறப்பருக்கும் நடுவே குடியிருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவதென்றாலே நாம் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

ஆனால் நம் ஆறுகளைப் பாருங்கள். பாவா ஆதம் மலைத் தொடரில் ஊறும் களு கங்கை இரத்தினபுரியைத் தொட்டுக்கொண்டு போய்க் களுத்துறையில் கடலில் விழுகிறது. களனி கங்கை யட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை வழியாகக் கொழும்பை அடைகிறது. வளவை கங்கை பலாங்கொடைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி அம்பலாந்தோட்டை அருகே கடலோடு கலக்கிறது. நம் மலைகளின் மாணிக்கங்களைத் தேடி அரபு, பாரசீக வணிகர்கள் ஸரந்தீபுக்கு வந்ததும் கப்பலில்தான். 1344 இல் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள் இத்தீவுக்கு வந்து பாவா ஆதம் மலையில் ஏறியதும் கடல் வழியாக வந்துதான். நம் மூதாதையரின் வரலாற்றில் பாதி ஏட்டில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி கடலடியில் கிடக்கிறது.

வெள்ளி நாணயப் பைகள்

நம் தீவின் தென்கிழக்கே, கிரிந்தைக் கரைக்கு அப்பால், கடலுக்குள் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. சிங்களத்தில் அதனை மஹா ராவணா கோட்டுவ என்பார்கள். ஆங்கிலேயர் கிரேட் பேஸஸ் என்றார்கள். கப்பல்களுக்கு அது எப்போதும் ஆபத்தான இடம். 1873 முதல் அங்கே ஒரு வெளிச்சவீடு நிற்கிறது.

1961 மார்ச் மாதம் மைக் வில்சன் என்ற சுழியோடி, அமெரிக்கச் சிறுவர்கள் இருவரோடு அங்கே கடலுக்கடியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இலங்கையில் வாழ்ந்த பிரபல விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி அவர். பித்தளைப் பீரங்கிகளும் கட்டி கட்டியாக உறைந்துபோன வெள்ளி நாணயங்களும் அவர்கள் கண்ணில் பட்டன.

அந்த நாணயங்களில் என்ன இருந்தது தெரியுமா? முகலாயப் பேரரசர் ஒளரங்கசீப் ஆலம்கீர் (ரஹ்) அவர்களின் பெயர், அச்சடிக்கப்பட்ட ஊர் ஸூரத், ஹிஜ்ரி ஆண்டு 1113. கி.பி. கணக்கில் அது 1702 ஐ ஒட்டிய காலம். இந்தியாவின் ஹாஜிகள் கப்பலேறிய துறைமுகம் ஸூரத். மக்காவின் வாசல் என்றே அதனை அழைத்தார்கள். அந்த நாணயங்களில் கலிமாவைத் தேடினால் கிடைக்காது. முன்னிருந்த மன்னர்கள் சிலர் கலிமாவைப் பொறித்தார்கள். எத்தனையோ கைகளில் புழங்கிக் காலடியிலும் விழக்கூடிய காசில் அது இருக்கலாகாது என்று ஒளரங்கசீப் நிறுத்திவிட்டார்.

இனி, நாம் பேசிய பைக்கு வருவோம். துணியும் நாரும் உப்பு நீரில் எப்போதோ மக்கிப் போய்விட்டன. ஆனால் நாணயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பையின் வடிவத்திலேயே கட்டியாக நின்றன. ஒரு பைக்கு ஏறத்தாழ ஆயிரம் நாணயங்கள். ஒரு ரூபாய் பதினொன்றரை கிராம் என்று வைத்தால் ஒவ்வொரு பையும் பதினொன்றரை கிலோ வெள்ளி. எல்லாம் ஒரே ஆண்டு அச்சடித்தவை, புழங்கித் தேயாதவை.

இதிலிருந்து அறிஞர்கள் எத்தனை செய்திகளை எடுத்தார்கள் என்று பாருங்கள். பயணிகளின் மடியில் இருந்த செலவுக் காசு பலவகையாக இருக்கும், இது அப்படியில்லை. அக்கசாலையிலிருந்து எண்ணிக் கட்டி அனுப்பிய வணிகப் பணம். நாணயம் புதியதென்றால் கப்பல் மூழ்கியதும் அந்த ஆண்டையொட்டியே இருக்க வேண்டும். இதைச் சொன்னது வெள்ளியின் மதிப்பில்லை, பையின் வடிவம். கட்டியை உடைத்து நாணயங்களைத் தனித்தனியாக விற்றிருந்தால் இந்தச் செய்தி அன்றோடு அழிந்திருக்கும்.

நம் ஷாஃபிஈ மத்ஹபில் இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழங்காலப் புதையலில், இஸ்லாத்துக்கு முந்தியவர்கள் புதைத்ததற்கு 'ரிகாஸ்' என்று பெயர். அதில் ஐந்திலொரு பங்கு கொடுக்க வேண்டும். முஸ்லிம்களின் காலத்து அடையாளம் இருந்தாலோ அது ரிகாஸ் ஆகாது, லுகதாவின் சட்டத்துக்குள் வந்துவிடும். கடலில் மூழ்கிய பொருள் யாருக்குரியது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாட்டின் சட்டமும் இருக்கிறது. ஆகவே நான் இங்கே ஃபத்வா சொல்ல வரவில்லை. ஸூரத் நகரத்து முத்திரையைத் தாங்கிய அந்தப் பையைப் பார்த்ததும் ஒரு மத்ரஸா மாணவனுக்கு எந்தப் பாடம் நினைவுக்கு வரும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஸனது இல்லாத பொருள்

1961 இல் முதலில் நடந்தது பொருளை மேலே எடுத்ததுதான். எது எங்கே கிடந்தது என்று வரைந்து குறிக்கும் வேலை அப்போது முறையாக நடக்கவில்லை. 1963 இல் அதே இடத்துக்குத் திரும்பிச் சென்றபோது பீட்டர் த்ரொக்மோர்டன் என்ற அமெரிக்கரையும் அழைத்துப் போனார்கள். துருக்கிக் கரையில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கப்பல் ஒன்றை முறைப்படி அகழ்ந்த குழுவில் பணியாற்றியவர் அவர். அவர் பாறையில் கிடந்த பீரங்கிகளையும் நங்கூரங்களையும் அளந்து வரைபடம் தயாரித்தார். 1964 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளியானது. கிளார்க்கும் அதே ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். ஆறு தசாப்தங்கள் கடந்தும் அந்தக் கப்பலைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அந்த எழுத்துகளையே பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஹதீஸ் கலை படித்தவனுக்கு இது புதிதன்று. ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற ஸனது இல்லையென்றால் முஹத்திஸ்கள் அதனை ஏற்பதில்லை. பழம்பொருளும் அப்படித்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாணயம் பளபளக்கலாம். அது எந்தக் கடலில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று சொல்ல ஆளில்லையென்றால் அதன் வாய் அடைபட்டுவிடும். அழகு மிஞ்சும், சாட்சியம் மிஞ்சாது.

அதுபோல, ஆய்வுச் சஞ்சிகைகளில் ஒரு கட்டுரை வெளியாகுமுன் அத்துறையின் மற்ற அறிஞர்கள் அதனை வாசித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டுவார்கள். எழுதியவர் திருத்துவார், அல்லது பதில் சொல்வார். மூழ்கிய கப்பல்களுக்கென்றே 1972 முதல் இங்கிலாந்திலிருந்து ஒரு சர்வதேச சஞ்சிகை வெளிவருகிறது. அறிவிப்பாளர்களை எடைபோட்ட நம் முன்னோரின் 'ஜர்ஹ் வ தஃதீல்' கலையோடு இதனைச் சமமாக வைக்கவில்லை. அதன் கண்ணியம் வேறு. ஆயினும், சொன்னவரைச் சோதிக்காமல் சொன்னதை ஏற்காதே என்ற ஒழுங்கு இரண்டுக்கும் பொதுவானது.

வளவை கங்கையின் முகத்துவாரத்தில்

நம் பலாங்கொடை மலைகளில் பிறக்கும் வளவை கங்கை கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில் கொடவாய என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய காலத்தில் அது ஒரு துறைமுகம். அந்தத் துறையின் சுங்க வருமானத்தைக் கஜபாகு மன்னர் விகாரைக்கு வழங்கியதைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது. அது கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் செய்தி.

அந்தக் கரைக்கு அப்பால், முப்பது மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில், சங்கு குளிக்கும் மீனவர்கள் விநோதமான கற்களையும் மட்பாண்டங்களையும் கண்டார்கள். 2003 இல் அந்தச் செய்தி தொல்லியலாளர்களுக்கு எட்டியது. பிறகு நம் நாட்டுத் தொல்பொருள் திணைக்களமும் மத்திய கலாசார நிதியத்தின் கடல்சார் தொல்லியல் பிரிவும், அமெரிக்க, பிரெஞ்சு அறிஞர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2012 முதல் 2014 வரை அகழ்வு நடந்தது. கண்ணாடிப் பாளங்கள், இரும்பு, செம்பு, அரைகல்கள், பானைகள் எல்லாம் அங்கே கிடந்தன. மரத்துண்டுகளைச் சோதித்ததில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கப்பல் அது என்று தெரிந்தது. இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய மூழ்கிய கப்பல் அதுவே என்கிறார்கள். 2014 இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒரு சர்வதேச சஞ்சிகையில் வெளியானது.

சகோதரிகளே, இதில் என் உள்ளத்தைத் தொட்டது அந்த மீனவர்களின் செயல்தான். சங்கு குளித்துப் பிழைக்கும் ஏழைகள் அவர்கள். எடுத்த கல்லைக் கடைக்காரனிடம் கொடுத்திருந்தால் சில ஆயிரம் கிடைத்திருக்கும். செய்தி வெளியே வந்ததால் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இந்த நாட்டுக்குக் கிடைத்தது. லுகதாவின் சட்டத்தை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். அதன் நற்பயன் அவர்கள் செயலில் இருந்தது.

அந்த அகழ்வை நடத்தியவர்களில் டெபோரா கார்ல்சன் என்ற பெண் பேராசிரியையும் ஒருவர். கற்பதும் எழுதுவதும் ஆண்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டவை என்று எண்ணும் தாய்மார் இதையும் கவனிக்க வேண்டும்.

சுனாமி கொண்டுபோனதும் விட்டுச்சென்றதும்

காலித் துறைமுகத்தின் அடியில் பல கப்பல்கள் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று ஒல்லாந்தக் கம்பெனியின் அவொண்ட்ஸ்டர். ஆங்கிலேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கப்பல் அது. 1659 ஜூலை 2 ஆம் திகதி நங்கூரம் நழுவிக் கரையோரம் மோதி உடைந்தது. அதன் பெயரும் நாளும் நமக்கு எப்படித் தெரியும்? கம்பெனி எழுதிவைத்த கடிதங்களும் கணக்குகளும் இன்றும் சுவடிக் கூடத்தில் இருக்கின்றன. ஸூரத் வெள்ளியைச் சுமந்த கப்பலுக்கோ இன்றுவரை உறுதியான பெயர் இல்லை. ஒன்று எழுதப்பட்ட கப்பல், மற்றது எழுத்துக் கிடைக்காத கப்பல்.

1992 இல் நம் நாட்டவரும் அவுஸ்திரேலியரும் சேர்ந்து காலித் துறைமுக ஆய்வைத் தொடங்கினார்கள். பிறகு நெதர்லாந்தின் உதவியோடு 2001 முதல் அவொண்ட்ஸ்டரை அகழ்ந்தார்கள். இலங்கைச் சுழியோடிகளே அந்தப் பணியில் பயின்று தேர்ந்தார்கள். எடுத்த பொருள்களைப் பாதுகாக்கக் காலிக் கரையில் ஓர் ஆய்வுகூடம் அமைந்தது.

அப்போதுதான் 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமி அந்த ஆய்வுகூடத்தையும் அலுவலகத்தையும் அடித்துச் சென்றது. 345 ஆண்டுகள் கடலுக்கடியில் இருந்து மேலே வந்த பொருள்களில் பலவற்றைக் கடல் திரும்பவும் எடுத்துக்கொண்டது. சில மீட்கப்பட்டன. ஆனால் அளந்து வரைந்த படங்களும் புகைப்படங்களும் குறிப்புகளும் இருந்தபடியால், 2007 இல் அகழ்வறிக்கை நூலாக வெளிவந்தது. பொருள் போன பிறகும் அதைப் பற்றிய அறிவு போகவில்லை.

இங்கே அல்லாஹ்வின் நாட்டத்தை நினைத்துப் பார்க்கிறேன். பொருள் என்றும் நம் கையில் நிற்பதில்லை. இப்னு பதூதா அவர்களின் கதையும் இதுதான். இலங்கை அரசர் அவருக்கு மாணிக்கங்களைப் பரிசாகக் கொடுத்தார். இங்கிருந்து மஃபர் நாட்டுக்குப் போகும்போது புயலில் கப்பல் உடைந்து மயிரிழையில் உயிர்தப்பினார். பின்னர் மலபார்க் கரையில் கொள்ளைக்காரர்கள் அந்த மாணிக்கங்களையும் மற்ற உடைமைகளையும் பறித்துக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் தாம் கண்டவற்றையெல்லாம் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுதினார். 1355 இல் அந்நூல் முடிந்தது. கல் எங்கே போயிற்று என்பதற்குச் சுவடே இல்லை. சொல் நம் கையில் இருக்கிறது.

விற்கப்பட்ட அரபுக் கப்பல்

பிரச்சினைக்குரிய ஒரு கப்பலையும் சொல்ல வேண்டும். 1998 இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர்கள் ஒரு கப்பலைக் கண்டார்கள். ஆணியில்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய அரபுக் கப்பல் அது. அதில் ஏறத்தாழ அறுபதாயிரம் சீனப் பீங்கான் பாத்திரங்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826 க்கு இணையான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. அப்பாஸியக் கிலாஃபத்தின் காலம்! அந்நாளிலேயே நம் மார்க்கத்தவர் சீனத்தோடு நேரடியாக வாணிபம் செய்தார்கள் என்பதற்கு அதுவே கண்கண்ட சாட்சியாயிற்று.

ஆனால் அதனை எடுத்தது ஒரு வியாபாரக் கம்பெனி. 2005 இல் அந்தப் பொருள்கள் ஏறத்தாழ 3 கோடி 20 இலட்சம் டொலருக்குச் சிங்கப்பூருக்கு விற்கப்பட்டன. அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் நிறுவனம் அங்கே அவற்றைக் காட்சிக்கு வைக்க இருந்தது. விற்பதற்காக அவசரமாக எடுத்த பொருளைக் காட்சிக்கு வைப்பது கொள்ளைக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பதாகும் என்று அறிஞர் பலர் எதிர்த்தார்கள். 2011 இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

மறுதரப்பாரும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். எடுக்காமல் விட்டிருந்தால் உள்ளூர்க் கொள்ளையர் சிதறடித்திருப்பார்கள். பொருள்கள் பெரும்பாலும் பிரியாமல் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதோடு, அகழ்வை நடத்திய மைக்கேல் ஃப்ளெக்கர் 2001 இலேயே கப்பலின் அமைப்பை விவரித்து ஆய்விதழில் எழுதிவிட்டார் என்கிறார்கள். இது உண்மைதான். அவர் எழுதியதைக் கொண்டு ஓமான் நாட்டவர் அதே போன்றதொரு கப்பலைக் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். 'மஸ்கத்தின் மணி' என்று பொருள்படும் பெயரோடு அது 2010 இல் மஸ்கத்திலிருந்து புறப்பட்டு, கொச்சிக்கும் நம் காலிக்கும் வந்து, சிங்கப்பூரைச் சேர்ந்தது.

அப்படியானால் வியாபாரிகள் தோண்டியதைப் பற்றி அறிஞர் எழுதலாமா, கூடாதா? எழுதினால் விற்பனைக்கு மதிப்புக் கூடும். எழுதாவிட்டால் அறிவு மறைந்துபோகும். அறிஞர்களுக்குள் இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என் எளிய கருத்து இது: மறைத்ததன் பாவத்தை அறிவித்தல் குறைக்கலாம், விற்றதை அது ஹலாலாக்கிவிடாது. 2001 இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய நீரடி மரபுரிமைச் சாசனமும் இவ்விரண்டையும் ஒன்றாகவே வைக்கிறது. நூறாண்டுக்கு மேல் நீரில் கிடந்த பொருள்களை வியாபாரப் பண்டமாக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அகழ்ந்தவர் அறிக்கை எழுதி மக்களுக்கு அறியத்தர வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆய்வாளர்களிலும் குறை இல்லாமலில்லை. தோண்டுவதற்குப் பணமும் உற்சாகமும் கிடைக்கும். எழுதுவதற்குப் பொறுமை வேண்டும். கடல் மரத்தைக் காற்றில் விட்டால் சுருங்கி வெடித்துவிடும். 1961 இல் சுவீடனில் வெளியே எடுத்த வாஸா கப்பலின் மரத்தில் 17 ஆண்டுகள் பாதுகாப்பு மருந்தைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு காலம் காத்திருந்து எழுத எல்லாராலும் முடிவதில்லை. அகழ்ந்த பின் அறிக்கை வராத இடங்கள் உலகில் எத்தனையோ. அறிந்ததை மறைப்பவர் பற்றி நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். சோம்பலால் மறைத்தாலும் மறைத்தது மறைத்ததுதான்.

நம் வீட்டுப் பெட்டகங்கள்

இனி நம் வாசலுக்கு வருவோம். நம் மண்ணிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு.

பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, நீர் நிறையுமுன் அந்தப் பகுதியை ஆராய்ந்தார் ஜில் ஜூலிஃப் என்ற பெண் அறிஞர். பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய பழைய உலைகளை மேற்குச் சரிவுகளில் கண்டார். 1996 இல் உலகப் புகழ்பெற்ற நேச்சர் சஞ்சிகையில் அதனை எழுதினார். அரபுத் தத்துவ அறிஞர் அல்கிந்தி தம் வாள்கள் பற்றிய நூலில் ஸரந்தீப் உருக்கைக் குறிப்பிட்டிருப்பது இப்போது புதிய பொருள் பெறுகிறது. உலைகள் இருந்த இடங்கள் பல இன்று நீருக்கடியில். அவர் எழுதியது உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

மற்றது குருவிட்டை. அங்கே கிடைத்த ஒரு பல்லைக் கொண்டு, ஒரு காலத்தில் இலங்கையில் சிங்கம் வாழ்ந்தது என்று பி.ஈ.பி. தெரணியகல 1939 இல் எழுதினார். மாணிக்கக் குழிகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகளும் கிடைத்து, அவர் எழுத்தால் வெளியே வந்தன. இல்லத்தைக் கழுவும்போது கல் மட்டும் கண்ணில் பட்டிருந்தால் அந்தப் பல் சேற்றோடு போயிருக்கும்.

நம் குடும்பங்களில் குழிப் பங்கு உள்ளவர்கள் உண்டு. கல் வியாபாரம் செய்பவர்கள் உண்டு. ஒருமுறை ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "மௌலவி, குழியிலே பழைய காசு ரெண்டு மூணு வந்திச்சு. புளி போட்டுத் தேய்ச்சு வச்சிருக்கேன். விக்கலாமா?" அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், தேய்க்காதீர்கள். புளியும் எலுமிச்சையும் செம்புக் குடத்துக்கு நல்லது. பழைய காசின் எழுத்தை அவை தின்றுவிடும். இரண்டாவது, எந்தக் குழியில், எத்தனை அடியில், எதோடு சேர்ந்து வந்தது என்று பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியில் அன்றைக்கே எழுதிவையுங்கள், திகதியோடு. கைத்தொலைபேசி இருந்தால் கிடைத்த இடத்தையும் படம் எடுங்கள். அதுதான் பையும் கயிறும். மூன்றாவது, தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. தரையில் கிடைத்த பழம்பொருளை மறைப்பதும் அனுமதியின்றி ஏற்றுமதி செய்வதும் குற்றம். நாட்டின் நீதியான சட்டத்தைப் பேணுவது முஸ்லிமின் ஒப்பந்தக் கடமை.

குழி இல்லாத வீடுகளிலும் பெட்டகம் இருக்கிறது. பாட்டனார் ஹஜ்ஜுக்குப் போன கப்பலின் சீட்டு, அரபுத் தமிழில் எழுதிய கிதாபுகள், மஹர் எழுதிய காவின் ஏடுகள், பெட்டிக்கடைக் கணக்குப் புத்தகங்கள். பழைய சாமான் வாங்க வருகிறவர் அவற்றைக் கிலோ கணக்கில் எடை போட்டுக் கேட்பார். வீட்டின் திறப்புக் கோர்வை பெரும்பாலும் உங்கள் இடுப்பில்தான் இருக்கிறது. கொடுக்குமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உயர்தரத்தில் வரலாறும் அரபும் படிக்கும் மகள் வீட்டில் இருந்தால் அவளிடம் கொடுங்கள். அவள் ஒரு பட்டியல் எழுதட்டும். பல்கலைக்கழகத்தில் அவள் எழுதப்போகும் முதல் கட்டுரை அந்தப் பட்டியலிலிருந்தே பிறக்கலாம்.

கடலடியிலும் மண்ணடியிலும் பெட்டகத்தடியிலும் அல்லாஹ் நமக்காக வைத்திருப்பவை அமானிதங்கள். அவற்றைக் கண்டபடி கவனித்துக்கொள்ளவும், கவனித்தபடி மறைக்காமல் அறிவிக்கவும் அவன் நம் அனைவருக்கும் நம் மக்களுக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.